குட்டி யானையின் இன்ஜினைக் கழற்றி பேட்டரி மாட்டினேன்: குப்பை வண்டியில் பதினொரு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஷோரூமில் புது எலக்ட்ரிக் வண்டி வாங்கியவன் எழுதுகிற ரிவ்யூ இல்லை. ஓடிக்கொண்டிருந்த டீசல் குட்டி யானையில், அதாவது டாடா ஏஸ் மினி லாரியில், இன்ஜினை இறக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் மாட்டிக் கொடுத்த ஒரு பட்டறையின் வேலையைப் பற்றியது. பட்டறை ஓசூர் பக்கம். பெயர் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. பாதிக் குறைகளைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள், மீதிக்கு இன்னும் போனில் இழுபறி நடந்துகொண்டிருக்கிறது, நடுவில் பெயரைப் போட்டு அதையும் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

எனக்கு கிருஷ்ணகிரி. கல்யாண மண்டபம், ஓட்டல்கள், இரண்டு லேஅவுட், சீசன் வந்தால் மாங்காய் மண்டி, இவர்களிடம் குப்பை எடுக்கிற வேலை. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளில் நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேருகிற இடங்களைத் தனி வகையாக வைத்து, பிரித்துக் கொடுக்க வேண்டும், முடிந்தவரை அவர்களே வழி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வழிதான் நாங்கள். என்னிடம் இரண்டு குட்டி யானை, இரண்டும் ஹைட்ராலிக் தொட்டி வைத்தவை. அதில் பழையதைத்தான் போன மார்ச்சில் மாற்றினேன்.

ஏன் மாற்றினேன் என்றால் டீசல். ஒரு நாளைக்கு என் வண்டி ஓடுவது 38 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 38 கிலோமீட்டருக்குள் இருநூறு தடவைக்கு மேல் நின்று கிளம்புகிறது. முதல் கியர், இரண்டாவது கியர், பிரேக், நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், மறுபடி முதல் கியர். ஹைவேயில் நல்ல மைலேஜ் கொடுக்கிற அதே வண்டி இந்த வேலையில் லிட்டருக்கு பத்தைத் தாண்டியதில்லை. குப்பை வண்டி ஓட்டிய யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். டெஸ்லாவை ஆரம்பித்த ஐந்து பேரில் ஒருவரான இயான் ரைட் என்பவர் சீக்கிரமே அங்கிருந்து வெளியே வந்து, கடைசியில் அமெரிக்கக் குப்பை லாரிகளுக்கு எலக்ட்ரிக் மோட்டார் மாட்டுகிற தொழிலுக்குத்தான் போனார். அழகான காரை விட்டுவிட்டு அந்த மனுஷன் ஏன் குப்பை லாரிக்குப் போனார் என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும். நின்று நின்று கிளம்புகிற வண்டியில்தான் டீசல் அதிகமாக வீணாகிறது, பிரேக் லைனிங் சீக்கிரம் தேய்கிறது, அப்படியென்றால் எலக்ட்ரிக்கில் மிச்சமாவதும் அதில்தான் அதிகம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். மாற்றியதற்கு 3,95,000 ரூபாய், சார்ஜர் உட்பட. டீசல் நாளைக்கு 350 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. இப்போது ஷெட்டில் தனியாக ஒரு சின்ன மீட்டர் வைத்துப் பார்க்கிறேன், ஒரு ராத்திரிக்குச் சராசரி 8 யூனிட் ஏறுகிறது. யூனிட் பத்து ரூபாய் என்று கொஞ்சம் கூட்டியே போட்டாலும் 80 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டம் என்றால் ஏழாயிரம் மிச்சம், ஆயில், பில்டர், கிளட்ச் பிளேட் செலவு போனதையும் சேர்த்தால் எட்டாயிரத்துச் சொச்சம். அப்படிப் பார்த்தால் போட்ட காசு திரும்பி வர நான்கு வருஷம். பட்டறைக்காரர் இரண்டே வருஷம் என்று பேப்பரில் எழுதிக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். உங்கள் வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று முதலில் அவர் கேட்டிருக்க வேண்டும், அவர் கேட்காவிட்டால் நானாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை.

பேட்டரி எல்.எப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 24 செல், 76.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 15.36 யூனிட். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், டாடாவே 2022இல் அறிமுகப்படுத்திய எலக்ட்ரிக் ஏஸில் இருப்பது 21.3 யூனிட் பேட்டரி, அதற்கு அவர்கள் கொடுத்த சான்றிதழ் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 154 கிலோமீட்டர். எனக்குப் பட்டறையில் சொன்னது 100. லோடு ஏற்றி, நின்று நின்று, ஏ.சி. கீசி எதுவும் இல்லாத வண்டியில் நிஜமாகக் கிடைப்பது 70. என் வேலைக்கு அது தாராளம் என்பதால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் ஓசூரில் எடுத்து எங்கேயோ தள்ளியிருக்கிற கிடங்கில் கொட்டுகிறவராக இருந்தால் உங்களுக்கு இது பெரிய குறைதான்.

எடை விஷயத்தையும் சொல்ல வேண்டும். இன்ஜின், ரேடியேட்டர், டேங்க், சைலன்சர் எல்லாம் போய்விட்டதே, வண்டி இலேசாகியிருக்கும் என்று நினைத்தேன். மண்டியில் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் வெறும் வண்டியே முன்பைவிட 70 கிலோ கூட. அந்த 70 கிலோ நீங்கள் ஏற்றுகிற குப்பையில்தான் குறையும். மக்காத குப்பை ஏற்றுகிற நாளில் ஒன்றும் தெரியாது, அட்டையும் பிளாஸ்டிக்கும் தொட்டியை நிறைத்துவிடும், எடை வராது. மண்டபத்துச் சாப்பாட்டு இலையும் சாம்பார் தண்ணீரும் ஏற்றுகிற நாளில் பின்னாடி ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிடுகிறது.

காகித வேலை. இதை யாரும் விளக்கமாக எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். வண்டியில் இப்படி ஒரு மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் எரிபொருள் டீசல் என்பதை மாற்றிப் பதிய வேண்டும். அதற்கு, மாட்டுகிற மோட்டார், பேட்டரி கிட் ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரத்தின்படி சோதித்து ஒப்புதல் வாங்கியதாக இருக்க வேண்டும். புனேவில் இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிலையங்கள்தான் அந்தச் சான்றிதழைக் கொடுக்கின்றன. முக்கியமான விஷயம், சான்றிதழில் உங்கள் வண்டியின் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எல்லாத்துக்கும் ஒரே கிட்தாண்ணா’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என் பட்டறையில் சான்றிதழ் சரியாக இருந்தது, ஆனால் மாட்டியதற்கான தாளில் சேசிஸ் நம்பரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டார்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, தாளைப் பார்த்து, திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு ஒரு வாரம் போச்சு. இப்போது பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. குப்பை வண்டிக்கு அது ஒரு தனி அழகுதான்.

ஓட்டுகிறவருக்கு எப்படி என்று கேட்டால், எங்கள் டிரைவர் அண்ணன் இனி டீசல் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார். குட்டி யானையில் இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும், ஓட்டியவர்களுக்குத் தெரியும், மே மாதம் பதினொரு மணிக்கு அந்த சீட்டில் உட்கார்வது தோசைக்கல்லில் உட்கார்வது மாதிரி. அந்தச் சூடு போய்விட்டது. நாளைக்கு நானூறு ஐநூறு தடவை கிளட்ச் மிதிக்கிற வேலை போய்விட்டது, இடது முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார். வண்டிக்குப் பின்னால் நடந்து வருகிற இரண்டு அக்காக்களுக்குத்தான் இன்னும் பெரிய லாபம். இத்தனை நாள் சைலன்சர் புகை நேராக அவர்கள் முகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, அதை நான் கவனித்ததேயில்லை என்பது வெட்கமான விஷயம். மாற்றி ஒரு வாரம் கழித்து ஒரு அக்கா சொன்னார், “இப்பதான் தம்பி குப்ப நாத்தமே தெரியுது.” புகை இருந்தவரை அதுகூடத் தெரியவில்லையாம்.

இழுவை பற்றிச் சொல்லவே வேண்டாம். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு தள்ளும் என்பதால் லோடோடு மேட்டில் கிளம்பும்போது பின்னால் சரிகிற பேச்சே இல்லை. ராயக்கோட்டை மேம்பாலத்தில் முன்பு இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும்.

இனி குறைகள். எல்லாக் குறைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பட்டறைக்கு வண்டியை மாற்றத் தெரியும். குப்பை வண்டியை மாற்றத் தெரியாது. கூரியர் வண்டி, தண்ணீர் கேன் வண்டிக்கு மாட்டுகிற அதே மாதிரி இதற்கும் மாட்டியிருக்கிறார்கள். மோட்டார், அதை இயக்குகிற கன்ட்ரோலர், பேட்டரி செல், இதில் ஒன்றுகூட இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை. நின்றது எல்லாம் குப்பையால் நின்றது.

முதலாவது தொட்டி. டீசல் வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து சுற்று எடுத்து ஹைட்ராலிக் பம்பு ஓடும். இன்ஜினே இல்லாத வண்டியில் அதற்கு வேறு வழி வேண்டும் இல்லையா? இவர்கள் கடையில் கிடைக்கிற 12 வோல்ட் பவர் பேக் ஒன்றை வாங்கி, ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் இருக்கிற அந்தச் சின்ன பேட்டரியில் கோர்த்துவிட்டார்கள். அந்த பேட்டரிக்குப் பெரிய பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கிற கன்வெர்ட்டர் வெறும் 30 ஆம்பியர். தொட்டியைத் தூக்குகிற மோட்டார் லோடில் 150 ஆம்பியர் கேட்கும். நான் எலக்ட்ரீஷியன் இல்லை, ஆனால் இந்தக் கூட்டல் கழித்தல் எனக்கே தெரிகிறது. மூன்றாவது நாள் உரக்கிடங்கில், தொட்டி பாதி தூக்கியபடி, உள்ளே ஈரக் குப்பை சரிய ஆரம்பித்த நேரத்தில் வண்டி மொத்தமாக உயிரை விட்டது. டிஸ்பிளே இல்லை, லைட் இல்லை, ஹாரன்கூட இல்லை. 12 வோல்ட் தாழ்ந்ததும் பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்சான மெயின் காண்டாக்டர் விட்டுவிட்டது, அதனால் எல்லாமே போச்சு. அந்தரத்தில் நின்ற தொட்டிக்கு அடியில் யாரும் போய்விடக் கூடாதே என்று கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் காவல் காத்தோம். அப்புறம் ஒரு மாதம் சண்டை போட்டுத்தான் பெரிய பேட்டரியிலிருந்தே நேராக ஓடுகிற மோட்டாரைத் தனி பியூஸோடு மாட்டிக் கொடுத்தார்கள். அதற்கு காசு வாங்கவில்லை, அது அவர்கள் பக்கம் நியாயம். நீங்கள் டிப்பர் வைத்த வண்டியை மாற்றப் போனால் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது மாம்பழம். சிரிக்காதீர்கள். மே மாதம் தொடங்கினால் எங்கள் ஊரில் மண்டியிலிருந்தும் ஜூஸ் கடைகளிலிருந்தும் வருவது தோலும் கொட்டையும் அழுகலும்தான். தொட்டியிலிருந்து சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரிப் பெட்டியை அவர்கள் வைத்திருப்பது தொட்டிக்கு நேர் கீழே. பேட்டரிக்கு ஐ.பி.67, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே இறங்காது, அது உண்மைதான். ஆனால் பேட்டரியிலிருந்து வெளியே வருகிற சிக்னல் ஒயர் போய்ச் சேருகிற கனெக்டர் பெட்டி சாதா பிளாஸ்டிக் டப்பா, மூடிக்கு ரப்பர்கூட இல்லை. ஜூன் நடுவில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு பழையபேட்டையில் வண்டி நின்றது. திரையில் ஏதோ ஒரு எரர் நம்பர். டப்பாவைத் திறந்தால், நான் முதலில் பார்த்தது எறும்பு. மாம்பழச் சாறு காய்ந்து பாகு மாதிரி ஒட்டியிருக்க, அதன் மேல் சிவப்பு எறும்புகள் சாரை சாரையாக. துடைத்துவிட்டு கனெக்டரைப் பிரித்தால் நான்கு பின்னில் இரண்டில் பச்சை பூத்துப் போய், நகத்தால் சுரண்டினால் பின்னே உடைந்து வருகிறது. பேட்டரியைக் கண்காணிக்கிற பி.எம்.எஸ். சர்க்யூட்டால் கன்ட்ரோலரோடு பேச முடியவில்லை, அதனால் பாதுகாப்புக்காக வண்டியை நிறுத்திவிட்டது. அது செய்தது சரிதான், பேட்டரி என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் ஓடுவது ஆபத்து. ஆனால் அன்றைக்கு மண்டியில் குப்பை எடுக்க நான் வாடகை வண்டி பிடித்தேன், நாளைக்கு 1,400 ரூபாய். அது நாலு நாள் ஓடியது.

ஏன் நாலு நாள்? அந்தக் கனெக்டருக்காக. இந்த மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏதர், டி.வி.எஸ்., எந்தப் பக்கம் திரும்பினாலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலை. ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கனெக்டர் எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகள் எதிலும் இல்லை, பட்டறையிலும் கையிருப்பு இல்லை, கடைசியில் நானே பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். இரண்டாக வாங்கினேன். ஒன்று டேஷ்போர்டில் இருக்கிறது.

மூன்றாவது சத்தம். இது குறையா என்பதே குழப்பம். பத்து வருஷமாக அந்த இரண்டு சிலிண்டர் தடதடப்பைக் கேட்டுத்தான் லேஅவுட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். விசிலெல்லாம் அப்புறம்தான். புது வண்டி வந்த முதல் வாரம் பாதி வீட்டில் குப்பை வரவில்லை, மத்தியானம் போன் மேல் போன், “இன்னிக்கு வண்டியே வரலையே?” வந்துவிட்டுப் போயாச்சு என்றால் யாரும் நம்பவில்லை. ஒரு பாட்டி மட்டும் கேட்டார், பூனை மாதிரி வந்துட்டுப் போனா யாருக்குத் தெரியும் என்று. தெருநாய்களும் எழுந்திருப்பதில்லை, சக்கரம் மூக்கருகே வரும்வரை படுத்துக்கிடக்கின்றன, அண்ணன் இறங்கிப் போய் எழுப்ப வேண்டியிருக்கிறது. பின்னால் நடக்கிற அக்காக்களுக்கு இது விளையாட்டு விஷயமில்லை, வண்டி ரிவர்ஸ் எடுப்பது காதுக்குத் தெரியாது. ரிவர்ஸ் பஸ்ஸர் முதலில் மாட்டவில்லை, கேட்டு வாங்கினேன். ஸ்பீக்கர் நானே வைத்தேன்.

சார்ஜ் போடுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. சாதா 15 ஆம்பியர் சாக்கெட் போதும் என்றார்கள். சார்ஜர் 3.3 கிலோவாட். 230 வோல்ட் வந்தால் 14 ஆம்பியர் சொச்சம், கூடக் குறைய சரி. ஆனால் எங்கள் ஷெட் பக்கம் ராத்திரியில் 190க்கு இறங்கிவிடும், அப்போது அதே சார்ஜர் 17 ஆம்பியர் இழுக்கும். இரண்டாவது மாதம் பிளக் பழுப்பாகி உருகின வாசனை வந்தது. நல்லவேளை, பார்த்தோம். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் தனி எம்.சி.பி.யும் எர்த்தும் போட 4,000 ரூபாய் ஆனது. இதை முதல் நாளே செய்துவிடுங்கள். மற்றபடி ராத்திரி போட்டால் காலையில் ரெடி, மாதாந்திர மின்தடை பகலில்தான் என்பதால் அதுவும் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை.

பிரேக் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட்டால் தப்பு. டீசல் வண்டியில் பிரேக்குக்கு வேக்கம் கொடுப்பது இன்ஜினோடு ஓடுகிற பம்பு. இதில் அதற்குத் தனி எலக்ட்ரிக் பம்பு, மிதித்துவிட்டால் கிர்ர் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராத நாளில் வண்டியை எடுக்காதீர்கள். எங்களுக்கு ஒரு தடவை பியூஸ் போய் பெடல் கல்லு மாதிரி ஆகிவிட்டது. ஷெட்டுக்குள்ளேயே தெரிந்ததால் தப்பித்தோம். இப்போது அண்ணன் தினமும் கிளம்பும் முன் நாலு தடவை மிதித்துக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்துகிறார்.

பட்டறையின் சர்வீஸுக்கு மார்க் போட வேண்டுமானால் பத்துக்கு ஆறு. போன் எடுப்பார்கள், ஆள் அனுப்புவார்கள், ஆனால் வந்த பையன் தொட்டிக்குக் கீழே குனிய யோசிக்கிறான், மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வேலையில் எழுந்துவிடுகிறான். குப்பை வண்டியை எடுத்துக்கொண்டால் குப்பை இருக்கத்தானே செய்யும். வாரண்டி பேட்டரிக்கு மூன்று வருஷம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ‘ரசாயனக் கசிவால் ஏற்படும் சேதம் நீங்கலாக’ என்று ஒரு வரியோடு. மாம்பழச் சாறு ரசாயனமா இல்லையா என்பதுதான் இப்போது போனில் ஓடிக்கொண்டிருக்கிற இழுபறி.

இத்தனைக்கும் பிறகு மறுபடி செய்வேனா என்றால், செய்வேன். பதினொரு மாதத்தில் வாடகை வண்டி பிடித்தது மொத்தம் ஒன்பது நாள், அதைக் கழித்த பிறகும் கையில் மிச்சம்தான். ஆனால் இரண்டாவது வண்டியை இன்னும் அனுப்பவில்லை. பேட்டரிப் பெட்டியைத் தொட்டிக்கு அடியிலிருந்து கேபினுக்குப் பின்னால் உயர்த்தி வை, கனெக்டர் எல்லாவற்றுக்கும் சீல் வைத்த டப்பா கொடு, தொட்டி மோட்டாரை முதலிலேயே பெரிய பேட்டரியில் கோர்த்து விடு என்று மூன்றையும் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். அதுவரை பழைய வண்டியின் டப்பாவுக்கு ரப்பர் பீடிங் ஒட்டி, பின்னுக்கெல்லாம் கிரீஸ் தடவி, சுற்றிலும் எறும்புச் சாக்பீஸ் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். சீசனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஜூலையில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருந்தது என்று இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.